தெற்குக் குப்பத்தோடு நின்றுபோன நடை

அத்தாவின் வலைக்கடையில், நைலான் கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்த மறுநாள். எதிர்ச் சுவரில் கயிறு கம்பெனி கொடுத்த காலண்டர். அதில் கடற்கரை ஒரு நீலக் கோடு. புதுச்சேரிக்கு ஒரு புள்ளி, கடலூருக்கு ஒரு புள்ளி. எழுந்து போய்ச் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தேன். நகம் இரண்டு புள்ளிகளையும் சேர்த்து மூடிவிட்டது. அட, இவ்வளவுதானா! நடந்தே போய்விடலாமே. ரோட்டில் இல்லை, கரையோடு, மணலிலேயே.

அந்த நேரம் பார்த்து என் வகுப்புக் கூட்டாளி கடைக்குள் வந்தான். அவன் அப்பா வலையில் கட்ட ஈயக்குண்டு வாங்கிவரச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"டேய், கடலூர் வரைக்கும் கரையோடவே நடக்கலாமா?"

"நடுவுல ரெண்டு ஆறு வருதுடா பாயி."

"தாண்டிக்கலாம்."

"உங்க அத்தா தோலை உரிச்சி வெய்யில்ல காயப்போடுவாரு."

"ஒரே மூச்சுல இல்லடா. தினம் கொஞ்சம். காலையில நடப்போம். நிறுத்துன எடத்துல அடையாளம் வெச்சிட்டு பஸ் புடிச்சி வூட்டுக்கு வந்துடுவோம். மறுநாள் அதே எடத்துலேர்ந்து ஆரம்பிப்போம்."

அவன் காலண்டர் பக்கம் வந்தான். "எந்தெந்தக் குப்பம்லாம் வரும்?" என்றான். கடைக்கு ஆள் வருகிற ஊர்கள்தானே, எனக்கு எல்லாம் மனப்பாடம். வடக்கிலிருந்து வரிசையாக ஒப்பித்தேன். ஒரு பேரைச் சொன்னதும் அவன் என்னை நிறுத்தினான். "அது வழியாவா?" என்றான். "கரைன்னா எல்லா வழியாவும்தான்" என்றேன். ஈயக்குண்டுப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "சரி, நாளைக்கே" என்று போய்விட்டான்.

ஒரு மிட்டாய் வாங்கவே இரண்டு நாள் யோசிக்கிறவன் அவன். என் யோசனை அவ்வளவு பிரமாதம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் இவ்வளவு நீளமாக யாரும் எழுதியதில்லை. இருபத்தைந்து வயதில் "அந்தக் காலத்துல" என்று ஆரம்பித்தால் சிரிப்பு பொம்மையாகக் கொட்டுவீர்கள். கொட்டுங்கள். ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கொட்டுங்கள். கூட்டாளியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வாத்தியார் கேட்டால் தவிர வாயைத் திறக்காத பையன். அவனை இப்போது நீங்கள் கூப்பிடுகிற பேர் எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

முதலில் கடையைப் பற்றிக் கொஞ்சம். மார்க்கெட் பக்கத்துச் சந்தில் இருக்கிற அந்தக் கடையில் நைலான் நரம்பு, நூல், மிதவை, ஈயம், ஆயத்த வலை எல்லாம் கிடைக்கும். வடக்கே கோட்டக்குப்பம் தாண்டியிருந்து தெற்கே கடலூர் எல்லை வரைக்கும் கடலுக்குப் போகிறவர்கள் வருவார்கள். எல்லோருக்கும் அத்தா "பாய்", நான் "பாய் மவன்". கடையில் அத்தாவுக்கு ஒரு பழக்கம். ஒரு குப்பத்துக்காரர் வலை பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு குப்பத்துக்காரர் படியேறினால், மேஜை மேல் இருக்கிற வலையின் மீது சட்டென்று ஒரு சாக்கைத் தூக்கிப் போட்டுவிடுவார். பேச்சையும் மாற்றிவிடுவார்: "வாங்க, வாங்க, டீ சொல்லவா?" யார் என்ன வலை வாங்குகிறார், வலைக்கண் எவ்வளவு பெரிசு, இதெல்லாம் அடுத்த குப்பத்துக்குத் தெரியக் கூடாது. யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் அந்தச் சாக்கை நம்பித்தான் அத்தனை ஊரும் எங்கள் ஒரே கடைக்கு வந்தது. எனக்கு அந்தச் சாக்கைப் போடப் பிடிக்கும். வேகமாகப் போடுவேன். அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்ததில்லை.

கூட்டாளியின் ஊர் டவுனுக்கு வடக்கே. பேர் சொல்லப் போவதில்லை. வடக்குக் குப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே அவன் என்னை நிறுத்திக் கேட்ட அந்த ஊர், தெற்குக் குப்பம். ஊர்ப் பேரை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ள இப்போதாவது கற்றுக்கொண்டேனே.

அதற்கு முந்தின வருஷம் இந்த இரண்டு குப்பத்துக்கும் நடுக்கடலில் தகராறு. தெற்குக் குப்பம் பொடிக்கண்ணு வலை போடுகிறது, குஞ்சு மீனையெல்லாம் வாரிக்கொண்டு போகிறது என்று வடக்குக் குப்பம் மனு கொடுத்தது. கைகலப்பு ஆனது. ஒரு வலையை அறுத்துவிட்டார்கள். அப்புறம் இரண்டு ஊர்ப் பஞ்சாயத்தும் தனித்தனியாகக் கூடி ஒரே முடிவை எடுத்தன: அந்த ஊரோடு பேச்சு இல்லை, போக்குவரத்து இல்லை, பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை. இது கடைச் செய்தியாக எனக்குத் தெரியும். வேடிக்கையாகத்தான் தெரியும்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். வீட்டில் "ஸ்கூல் புராஜெக்ட்" என்று சொல்லியிருந்தேன். அத்தாவுக்கு ஒரே பெருமை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "மவன் கடற்கரையை ஆராய்ச்சி பண்றான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர், எதையும் நம்பிவிடுவார். அம்மா தக்காளிச் சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொடுத்தாள். கூட்டாளி ஒரு காகிதத்தில் வறுத்த நெத்திலிக் கருவாடு கொண்டுவந்தான். கயிறு வாசனை அடிக்கிற என் நோட்டும், நீல நரம்பு ஒரு கண்டும் பையில் இருந்தன. நிறுத்துகிற இடத்தில் அந்த நரம்பில் ஒரு துண்டைக் கட்டி அடையாளம் வைப்பதாகத் திட்டம்.

கரையோடு நடக்கலாம் என்று கிளம்பினால், எங்கள் ஊரில் கரையே இல்லை! குருசுக்குப்பம் முழுக்கக் கருங்கல். ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குத் தாவித் தாவித்தான் போக வேண்டும். கல் இடுக்கில் நண்டு, செருப்பு, சாமிக்குப் போட்ட மாலை, பாட்டில். அலை உள்ளே புகுந்து கீழே எங்கோ பெருமூச்சு விட்டது. பீச் ரோட்டுக்கு வந்தபோது என் முழங்கால் இரண்டும் சிராய்த்திருந்தன. காந்தி சிலை அருகே, பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சொல்தா ஒருவர், வெள்ளை அரைக்கால் சட்டையில் கையை வீசி நடந்துகொண்டிருந்தார்.

"எங்கே தம்பிகளா, கல்லு மேல?"

"கடலூருக்கு, முசே."

அவர் நிற்கவே இல்லை. "பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். கூட்டாளி சிரித்துச் சிரித்துக் கல் மேலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த நாலு நாளில்தான்.

இரண்டாம் நாள் துறைமுகம். ஆறு கடலில் விழுகிற இடம். தாண்டுவதற்குப் பாலம் வழியாகச் சுற்றிப் போனால் அது நடையில் சேருமா, சேராதா என்று எங்களுக்குள் பெரிய சண்டை. கடைசியில் என்னை அடையாளம் தெரிந்த ஒரு ஃபைபர் படகுக்காரர், "பாய் மவனா? ஏறு ஏறு" என்று அக்கரையில் கொண்டுபோய் விட்டார். இறங்கினால் மணல்! நிஜமான, அகலமான, சூடான மணல். வீராம்பட்டினத்துத் தேர் அலங்காரம் பற்றி நான் ஏதோ பேசிக்கொண்டே வந்தேன். தெற்கே பார்த்து நடந்தால் கடல் இடது பக்கம். இடது கால் ஈரத்தில், வலது கால் காய்ந்த மணலில். சரிவில் நடந்து நடந்து இடுப்பு ஒரு பக்கமாக இறங்கிவிட்டது போல வலித்தது. விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கரையேற்றிய படகுகளின் அடிவயிற்றில் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். தார், டர்பன்டைன், கருவாடு, எல்லாம் சேர்ந்த வாசனை அது. இப்போதும் ஏதாவது புதுப் பெயின்ட் அடித்த வீட்டுக்குள் போனால் எனக்கு இடுப்பு வலிக்கிற மாதிரி இருக்கும்.

ஒரு படகு நிழலில் சோற்றைப் பிரித்தபோதுதான் கூட்டாளி சொன்னான்.

"எங்க அக்காவை அங்கதான் குடுத்துருக்கு."

"எங்க?"

"தெக்குக் குப்பத்துல. சண்டைக்கு முன்னாடியே கல்யாணம் ஆயிடுச்சி. இப்ப எட்டு மாசம்."

எனக்கு உடனே புரியவில்லை. அவன் முட்டையின் மஞ்சளைத் தனியாக எடுத்து ஒதுக்கிவைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். அது அவர்கள் வழக்கம். ஆனால் போக்குவரத்து இல்லை என்று ஊர் முடிவு எடுத்த பிறகு அக்காவைக் கூட்டி வர முடியாது, இவர்கள் போய்ப் பார்க்கவும் முடியாது. பஸ்ஸில் போனால் கண்டக்டரிலிருந்து மீன் கூடைக்கார அம்மாக்கள் வரை எல்லோருக்கும் இவன் முகம் தெரியும். வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு குப்பத்துப் பெரியவர்களும் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து பேசப் போகிறார்கள். அது நல்லபடியாக முடிந்தால் அன்றைக்கே அக்காவைக் கூட்டி வந்துவிடலாம்.

"அம்மா தினம் அழுவுது. ஒரு வாட்டி நேர்ல பாத்துட்டு வந்து நல்லாருக்கான்னு சொல்லணும். அவ்ளோதான். உன்கூட நோட்டுப் புக்கோட போனா எவனும் கேக்க மாட்டான்."

"அப்ப என் யோசனை நல்லாருக்குன்னு நீ வரலையா?"

"நல்லாத்தான்டா இருக்கு" என்றான், மஞ்சள் கருவை என் பக்கம் தள்ளி.

எனக்குக் கொஞ்சம் கோபம். அதைவிட அதிகமாகக் குஷி. வெறும் நடை, இப்போது ஒரு ரகசிய வேலையாகிவிட்டது இல்லையா! நோட்டில் தெற்குக் குப்பத்துக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன்.

மூன்றாம் நாள் பாதி நேரம் நோணாங்குப்பம் படகுத்துறை வரிசையிலேயே போய்விட்டது. சுற்றுலா வந்தவர்களோடு ஆரஞ்சு மிதவைச் சட்டை மாட்டி, பாரடைஸ் பீச்சில் இறங்கினோம். ஒரு மாமா எங்களைப் படம் எடுத்துத் தரச் சொன்னார். நாங்கள் எடுத்த ஏழு படத்திலும் அவர் தலை இல்லை. அன்று நரம்பு கட்டிய சவுக்குக் கிளையை மறுநாள் போய்ப் பார்த்தால் காணோம். ஆடு மேய்ந்துவிட்டிருந்தது. நரம்போடு சேர்த்துத்தான்.

நாலாம் நாள், வியாழக்கிழமை, பதினோரு மணிக்குத் தெற்குக் குப்பத்து மணலில் கால் வைத்தோம்.

கீற்றுக் கொட்டகை ஒன்றின் நிழலில் ஆறேழு பேர் வலை செப்பனிட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டாளி தலையில் துண்டைக் கட்டி முகத்தைப் பாதி மறைத்திருந்தான். என் காதோரம் சொன்னான்: "பின்பக்கமா போயிட்டு வந்துடறேன். அரை மணி நேரம். இவங்கள்ட்ட பேசிக்கினே இரு. பேசு, எதுனா பேசு, எவனும் எழுந்து வராத மாரி பாத்துக்க."

பேசுவதா! அதை விடவா எனக்கு வேலை!

"வலைக்கடை பாய் மவனா நீ? அட, வா வா, நெழல்ல ஒக்காரு." பனியன் போட்ட ஒருவர் ஆள் அனுப்பி கோலி சோடா வாங்கி வந்து கொடுத்தார். பெரியவர் ஒருவர், மூக்குக் கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருந்தார், என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கடல் இவ்ளோ நேராவா இருக்குது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சோடா சில்லென்று இருந்தது. இவ்வளவு பெரிய ஆட்கள் வட்டமாக உட்கார்ந்து என் பேச்சைக் கேட்கிறார்கள். நான் நரம்பு தடிமன் சொன்னேன், மிதவை விலை சொன்னேன், எந்த நூல் எத்தனை நாள் உழைக்கும் என்று சொன்னேன். மடியில் கிடந்த வலையைத் தொட்டுப் பார்த்து, "இது எங்க கடை வலை" என்று சொன்னேன்.

"எப்படிடா கண்டுபுடிச்ச?"

"முடிச்சுலயே தெரியும்ணா."

"படு சுட்டி" என்றார் பனியன்காரர். அப்புறம் ஊசியை ஓட்டிக்கொண்டே, என்னிடம் இல்லை, பொதுவாகச் சொன்னார்: "ஞாயித்துக்கெழம நம்பளை நிக்க வெச்சிக் கேள்வி கேப்பானுங்க. வடக்க இருக்கறவனுங்க யோக்கியனுங்களாச்சே. பொடிக்கண்ணு வலையைக் கையாலயே தொட மாட்டானுங்க."

நான் சொன்னேன்: "ஏன், அவங்களும் இதே கண்ணுதானே வாங்கிட்டுப் போனாங்க. தடைக்காலம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. நான்தான் கட்டுப் போட்டேன். லோடு ஆட்டோல தார்ப்பாய் போட்டு மூடி எடுத்துட்டுப் போனாங்க."

ஊசி நின்றது. பெரியவர் மட்டும் பின்னிக்கொண்டே இருந்தார். பனியன்காரர் மிக அன்பாகக் கேட்டார்: "நெசமாவா? எத்தினி வலை?"

"ஒண்ணு. பெரிசு. நாலு வூட்டுக்காரங்க சேந்து."

"யாரு யாரு, தெரியுமா?"

அதையும் சொன்னேன். சொல்லிவிட்டு சோடாவின் கடைசிச் சொட்டைக் குலுக்கிக் குடித்தேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். என் ஞாபக சக்தியை மெச்சுகிறார்கள் என்று நினைத்தேன். பெரியவர் மட்டும் என்னைப் பார்க்காமல், "நேரமாவுது, வூட்டுக்குப் போப்பா" என்றார். அந்த ஒரு மனுஷர்தான் அன்றைக்கு என்னைத் தடுக்கப் பார்த்தவர். ஐந்து நிமிஷம் தாமதம்.

கூட்டாளி வந்தான். முகம் முழுக்கப் பல். ரோட்டுக்கு வரும் வரை பொறுத்துக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்ததும் கொட்டினான். அக்கா குண்டாகிவிட்டாளாம். கால் வீங்கியிருக்கிறதாம். இவனைப் பார்த்து ஒரு அறை விட்டுவிட்டு அப்புறம் கட்டிப்பிடித்து அழுதாளாம். அம்மா வீட்டு விட்டத்தில் தொட்டில் கட்டுகிற கொக்கியில் யாரும் துணி காயப்போடக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பேன் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னாளாம். "வவுத்துல கை வெச்சிப் பாக்கச் சொன்னாடா. ஒதைக்குது!" என்று என் தொடையில் குத்திக் காட்டினான். அவ்வளவு பேச்சை அவனிடமிருந்து நான் கேட்டதே இல்லை.

"நீ இன்னா பேசினே?"

"சும்மா. கடையைப் பத்தி" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்ததை அப்புறம் பலர் வாயால் கேட்டேன். வடக்குக் குப்பத்துத் தலைவர் எழுந்து குஞ்சு மீனைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும், பனியன்காரர் எழுந்து நாலு வீட்டுப் பேரையும் வரிசையாகச் சொல்லி, வலை எங்கே இருக்கிறது, நாங்கள் வந்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். அந்த நாலில் தலைவர் வீடும் ஒன்று. மண்டபமே சிரித்திருக்கிறது. வடக்குக் குப்பத்துக்காரர்கள் காபிகூடக் குடிக்காமல் வெளியே வந்துவிட்டார்கள். அப்படிச் சிரிப்பு வாங்கிய பிறகு எந்த ஊர் சமாதானம் பேசும்?

சாயங்காலம் அவர்களில் ஐந்து பேர் கடைக்கு வந்தார்கள். கூட்டாளியின் அப்பாவும் இருந்தார். நான் கயிற்றுச் சுருளுக்குப் பின்னால் மிதவை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"பாய், உங்க கடையிலேர்ந்துதான் போயிருக்கு. எங்க குப்பத்துக்கு வெளிய வேற யாருக்கும் தெரியாது."

அத்தாவின் முகம் வெளுத்துவிட்டது. "அல்லா மேல ஆணையா நான் சொல்லலை. இத்தினி வருஷத்துல சொல்லியிருக்கேனா?" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீ எங்கயாச்சும் வாயை விட்டியா?"

"இல்லத்தா."

ஒரே ஒரு வார்த்தை. நாலு நாள் ஓயாமல் பேசியவன், அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தை பேசினேன்.

அத்தா அவர்களிடம் சொன்னார்: "என் மவன் பொய் சொல்ல மாட்டான்."

யாரோ ஒருவர் அப்போது தயங்கித் தயங்கிச் சொன்னார், வியாழக்கிழமை தெற்குக் குப்பத்தில் அந்தப் பெண் வீட்டுக் கொல்லையில் துண்டு கட்டிய ஒரு பையனைப் பார்த்ததாக, அங்கே வாழ்க்கைப்பட்ட தன் மச்சினி ரகசியமாகச் சொன்னாள் என்று. எல்லோரும் கூட்டாளியின் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் படியிறங்கிப் போனார்.

அவன் ஒத்துக்கொண்டான். "அக்காவைப் பாக்கப் போனதும் நான்தான், வாய் தவறி வலையைப் பத்திச் சொன்னதும் நான்தான்" என்று பஞ்சாயத்தில் எல்லோர் முன்னாடியும் சொன்னான். அவன் அப்பா அங்கேயே பெல்ட்டைக் கழற்றினார் என்று கேள்வி.

மூன்று நாள் கழித்து மார்க்கெட் வாசலில் அவனைப் பார்த்தேன். முழங்கைக்கு மேல் சதை கன்றிப்போயிருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்னே அவன் சொன்னான்: "உன்னைப் பேசச் சொன்னவன் நான்தான். விடு."

"நான் போய் சொல்லிடறேன்டா."

"சொல்லி? உங்க கடைக்கு எவன் வருவான்? போடா, போய்ப் படி."

நான் போய்ப் படித்தேன்.

இதோடு முடிந்திருந்தால்கூட இதை எழுதியிருக்க மாட்டேன். ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. காலை டியூஷன் முடிந்து பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். கதிர்காமம் ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து வந்த பஸ்ஸிலிருந்து கூட்டாளியின் அம்மா இறங்கினாள். கையில் எவர்சில்வர் தூக்கு. என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"பொண்ணு பொறந்துருக்கு" என்றாள். "அங்க ஆஸ்பத்திரிலதான். நேத்து."

"பாத்தீங்களாம்மா?"

"வார்டு வாசல்ல அவங்க ஆளுங்க நிக்கறாங்க. நான் உள்ள போனா அப்புறம் அவளைத்தானே பேசுவாங்க. தூணுக்குப் பின்னாடி கொஞ்ச நேரம் நின்னேன். வந்துட்டேன்." தூக்கின் மூடியைத் திறந்தாள். ஆவி இன்னும் அடங்கவில்லை. இஞ்சி, பூண்டு, மிளகு வாசனை. "பால் சுறாப் புட்டு. புள்ள பெத்தவளுக்குப் பால் ஊறும். நாலு மணிக்கு எழுந்து செஞ்சேன். வூட்டுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போனா யாருக்குச் செஞ்சேன்னு அவரு கேப்பாரு. நீ சாப்புடுப்பா. டியூசன்லேர்ந்து வர, பசிக்கும்."

நான் சாப்பிட்டேன். மறுத்திருக்கலாம். எனக்கு அப்போது பதின்மூன்று வயசு, பசி, அது அவ்வளவு ருசியாக இருந்தது. வழித்து வழித்துச் சாப்பிட்டேன். அவள் நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "என் புள்ள மட்டும் வாயை அடக்கியிருந்தா இன்னிக்கி என் வூட்ல தொட்டில் ஆடும். பெத்தவளே சொல்லக் கூடாது. ஆனா அவன் மூஞ்சியைப் பாக்கவே எனக்கு மனசு வரல."

வாய் நிறையப் புட்டோடு நான் தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன். அவள் குழாயடியில் தூக்கைக் கழுவிக்கொண்டு போனாள்.

இரண்டு குப்பமும் சமாதானம் ஆக இன்னும் இரண்டு வருஷம் ஆனது. அக்கா முதல் தடவையாக வந்து வீட்டு வாசலில் குழந்தையை இறக்கிவிட்டபோது அது நடந்து வந்ததாம். பாட்டி இரண்டு கையையும் நீட்டியிருக்கிறாள். யாரோ என்று பயந்து குழந்தை தன் அம்மா புடவைக்குள் புகுந்துகொண்டு அழுததாம். கூட்டாளியே பின்னாளில் ஒருநாள் சொன்னான், ஏதோ சினிமா பார்த்ததைச் சொல்கிற மாதிரி.

இனி உங்களுக்குத் தெரிந்த பகுதி. அந்தப் பஞ்சாயத்துக்குப் பிறகு குப்பத்தில் அவனுக்கு வைத்த பேர்தான் "மைக்". அவன் வந்தால், "மைக்கு வருதுடா, பேச்சை நிறுத்து" என்பார்கள். அது எட்டாம் வகுப்புக்கும் வந்தது. வாயே திறக்காத பையனை மைக் என்று கூப்பிடுவது நமக்குப் பெரிய ஜோக். நானும் கூப்பிட்டிருக்கிறேன். போன மாதம் அவன் கல்யாணத்துக்குக் குப்பத்து முனையில் வைத்த ஃப்ளெக்ஸில் அவன் பேருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு "மைக்" என்று அச்சடித்திருந்தார்கள். நீங்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்து குரூப்பில் போட்டீர்கள். அதில் இடது ஓரத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறவன் நான்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் அவன் அப்பா நாலு பேரோடு ஏதோ தீவிரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளைக் கோலத்தில் கூட்டாளி அவர் பக்கத்தில் வருகிறான். அடுத்து நான் எடுத்த படத்தில் அவர் வாய் மூடியிருக்கிறது. முந்தாநாள் கூட்டாளிக்குப் போன் பண்ணிக் கேட்டேன்.

"ஆமாண்டா, இப்பவும் அப்டித்தான். நான் இருந்தா தொழில் பேச்சு பேச மாட்டாரு. படகு வாங்குனதே எனக்கு அடுத்த வூட்டுக்காரன் சொல்லித்தான் தெரியும். பழகிடுச்சி. இப்ப எதுக்குடா அதெல்லாம்?"

"சொல்லிடப் போறேன்."

போனில் கடல் சத்தமோ காற்றோ கேட்டது. "உங்க அத்தா?" என்றான்.

அதுதான். பன்னிரண்டு வருஷமாக நான் சாக்குச் சொல்லிக்கொண்டிருப்பதும் அதுதான். அத்தா இப்போதும் தினம் காலையில் கடை திறக்கிறார். என் மவன் பொய் சொல்ல மாட்டான் என்று அன்றைக்குச் சொன்னதை இப்போதும் நம்பிக்கொண்டிருக்கிறார். கடை போகுமா, நிற்குமா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டுதான் சொல்ல வேண்டும் என்றால் இன்னும் பன்னிரண்டு வருஷம் போய்விடும்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்குக் கடை மூடி, மதியம் சாப்பாட்டுக்கு அத்தா வீட்டுக்கு வருவார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் அவரிடம் சொல்லப்போகிறேன். அவர் அடித்தாலும் சரி, எழுந்து போனாலும் சரி, சனிக்கிழமை காலை வடக்குக் குப்பத்துக்குப் போவேன். மார்க்கெட்டுக்குக் கிளம்பும் முன் கூட்டாளியின் அம்மா வீட்டில் இருப்பாள், அப்பாவும் இருப்பார். தூரமாக எங்கேயும் போகாதே என்று கூட்டாளியிடம் சொல்லியிருக்கிறேன். அவன் பக்கத்தில் நிற்கும்போது அவர்கள் இரண்டு பேரும் கேட்க வேண்டும். எங்கே ஆரம்பிப்பது என்று இரண்டு நாளாக யோசித்தேன். முதல் வரி மட்டும் தயார்:

"அம்மா, அன்னைக்குத் தெக்குக் குப்பத்துல வாயை விட்டது உங்க புள்ள இல்ல."